‘இரண்டும் ஒன்றுதான் தம்பி’: மைஎஸ்கியூஎல், மரியாடிபி, ஒரு பழைய பிரிவினை

சொந்தக் கணினியிலேயே இணையத்தளம் செய்து பார்க்க உதவும் ஸாம்ப் மென்பொருளில், கட்டுப்பாட்டுப் பலகையின் இரண்டாவது வரிசையில் ‘மைஎஸ்கியூஎல்’ என்று எழுதியிருக்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தர ஐசிடி வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் டேட்டாபேஸ் பாடத்தில் முதலில் தொடுவது அந்தப் பொத்தானைத்தான். அதை அழுத்தினால் உள்ளே ஓடத் தொடங்குவது மரியாடிபி, மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த இன்னொரு டேட்டாபேஸ் சேர்வர். 2015 ஒக்டோபரில் ஸாம்ப் உள்ளே இருந்ததை மாற்றிவிட்டது, வெளியே இருந்த பெயரை அப்படியே விட்டுவிட்டது. டேட்டாபேஸை உலாவியில் காட்டும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து வலது பக்கத்தைப் பார்க்கிற பழக்கமுள்ள யாராவது ஒரு மாணவன், “சேர், இதிலை மரியாடிபி எண்டு கிடக்கு?” என்று கேட்பான். “ரெண்டும் ஒண்டுதான் தம்பி, பயப்பிடாதை” என்று பதில் வரும். அதே பதிலைப் பம்பலப்பிட்டியில் இணையத்தளம் செய்து கொடுக்கிறவர்களும் சொல்கிறார்கள், ஹோஸ்டிங் மறுவிற்பனை செய்கிறவர்களும் சொல்கிறார்கள்.

அந்தப் பதில்தான் உறுத்துகிறது. சொல்கிறவர்கள் தெரியாமல் சொல்லவில்லை. அது ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. 2010 முதல் 2012 வரை மைஎஸ்கியூஎல் 5.1ஐயோ 5.5ஐயோ கழற்றிவிட்டு அதே எண்ணுள்ள மரியாடிபியை அதே தரவு அடைவின் மேல் நிறுத்தினால், செயலிக்கு வித்தியாசமே தெரியாது. இன்று அப்படிச் செய்தால் சேர்வர் எழும்பவே எழும்பாது. இடையில் நடந்ததை, மைஎஸ்கியூஎல் கடைசியில் போய்ச் சேர்ந்த நிறுவனத்தைக் காட்டி, ‘ஒராக்கிள் கெட்டது, மரியாடிபி நல்லது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதை. மிச்சப் பாதி நல்ல நியாயங்களோடு எடுக்கப்பட்ட சின்னச் சின்ன முடிவுகள். அவற்றுக்கான கூலியைத்தான் காலி வீதியில் மூன்று பேர் வேலை செய்யும் ஒரு அலுவலகம் இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கிறது.

பிரிந்தபோது யாருக்கு எது போனது

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2008இல் ஏறத்தாழ நூறு கோடி டொலருக்கு மைஎஸ்கியூஎல்லை வாங்கியது. அடுத்த வருடமே சன்னை ஒராக்கிள் வாங்கப் போவதாக அறிவித்தது. மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மொன்டி வைடெனியஸ் 2009 தொடக்கத்திலேயே சன்னை விட்டு வெளியேறி, அதே நிரலிலிருந்து மரியாடிபி என்ற ஃபோர்க்கை, அதாவது கிளைத் திட்டத்தை, தொடங்கியிருந்தார். இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது சொத்துப் பிரிப்பு. நிரல் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின் 2ஆம் பதிப்பின் கீழ் இருந்தபடியால் அதை யாரும் எடுத்துக்கொண்டு போகலாம். பெயர் வணிகக்குறி, அது ஒராக்கிளோடு போனது. கையேடு ஜிபிஎல்லில் இருக்கவேயில்லை, அதுவும் ஒராக்கிளோடு போனது. அதனால்தான் மரியாடிபிக்காரர்கள் ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கத்தை முதலிலிருந்து தாங்களே எழுத வேண்டி வந்தது. முழு நிரலின் பதிப்புரிமையும் ஒரே கையில் இருந்தபடியால், அதே நிரலை ஜிபிஎல் இல்லாமல் காசுக்கு விற்கும் உரிமையும் ஒராக்கிளிடம் தங்கியது. ஃபோர்க் எடுத்தவருக்கு அது ஒருநாளும் கிடைக்காது.

செட்டியார் தெருவில் அண்ணன் தம்பி பிரிந்து பக்கத்துப் பக்கத்தில் நகைக்கடை போட்டால், இரண்டு பேருக்கும் ஒரே வேலைப்பாடு தெரியும். வாடிக்கையாளர் நுழைவது பழைய பெயர்ப்பலகை இருக்கும் கடைக்குள். மென்பொருளிலும் அப்படியே. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காகச் செய்யப்பட்டு 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய கோஹா நூலக மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு அது நாளாந்தப் பழக்கம். 2009இல் லிப்லைம் என்ற நிறுவனத்துக்கும் மற்றப் பங்களிப்பாளர்களுக்கும் முறிந்தபோது, திட்டத்தின் பழைய இணைய முகவரி நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆகவே மூலச் சமூகம்தான் புது முகவரிக்குக் குடிபெயர்ந்தது. பிறகு நியூசிலாந்தில் ‘கோஹா’ என்ற பெயரையே வணிகக்குறியாக்கும் முயற்சி நடந்தது. 2013 டிசம்பரில்தான் அது நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ந்தது. அந்தக் கதையில் எது மூலம், எது ஃபோர்க் என்று நிரலைப் பார்த்துச் சொல்ல முடியாது. (கோஹா தன் தரவை வைப்பது மைஎஸ்கியூஎல்லிலோ மரியாடிபியிலோதான். ஒரு நூலக அலுவலர் பட்டியலைத் தேடும்போது இரண்டு பிரிவினைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறார்.)

ஒராக்கிள்–சன் கொள்முதலை ஐரோப்பிய ஆணையம் 2010 ஜனவரியில் அனுமதித்தது. அதற்கு முந்திய டிசம்பரில் ஒராக்கிள் பத்து வாக்குறுதிகளைப் பகிரங்கமாகக் கொடுத்தது, ஐந்து வருடத்துக்கு. ஜிபிஎல்லில் தொடர்ந்து வெளியிடுவோம், கையேட்டை இலவசமாக வைத்திருப்போம், ஆய்வுக்குச் செலவழிப்போம் என்றெல்லாம் அதில் இருந்தது. நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்போது அது யாருக்கும் உறைக்கவில்லை.

2012: காணாமற்போன டெஸ்டுகள்

என் கணக்கில் இரண்டும் வேறாகிய இடம் இதுதான். 2009இன் ராஜினாமாக்களும் கையெழுத்து வேட்டைகளும் நிரலைத் தொடவில்லை.

மைஎஸ்கியூஎல் மூலத்தொகுப்பில் டெஸ்டுகளுக்கென்று ஒரு பெரிய அடைவு உண்டு. ஒவ்வொரு டெஸ்டுக்கும் இரண்டு பைல். ஒன்றில் ஓட வேண்டிய எஸ்கியூஎல் வரிகள், மற்றதில் வர வேண்டிய விடை. ஓட்டுகிற ஸ்கிரிப்ட் தற்காலிகமாக ஒரு சேர்வரை எழுப்பி, வரிகளை ஓட்டி, வந்த விடையை எழுதி வைத்த விடையோடு ஒப்பிடும். ஒரு வரி பிசகினாலும் ‘தோல்வி’ என்று வித்தியாசத்தைக் காட்டும். யாராவது ஒரு பிழையைத் திருத்தினால், அந்தப் பிழையை மறுபடி வரவழைக்கும் டெஸ்டையும் கூடவே சேர்ப்பது வழக்கம். அடுத்த தடவை அதே இடம் உடைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

2012 நடுப்பகுதியில், 5.5 வரிசை வெளியீடுகளில் திருத்தங்கள் வந்தன, அவற்றுக்கான புதிய டெஸ்டுகள் வரவில்லை. மரியாடிபி தரப்பில் இதைக் கண்டுபிடித்துப் பகிரங்கமாக எழுதினார்கள். வெளியீட்டுக் குறிப்பில் இருந்த பிழை எண்கள் ஒராக்கிளின் உள்வீட்டுப் பதிவேட்டைக் காட்டின, வெளியாட்கள் அதைத் திறக்க முடியாது. பாதுகாப்பு ஓட்டைகளைப் பற்றிக் காலாண்டுக்கு ஒருமுறை வரும் அறிவித்தலில், எந்தப் பகுதி, எவ்வளவு ஆபத்து என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது.

சட்டப்படி இதில் குற்றம் கிடையாது. ஜிபிஎல் கேட்பது இயங்கும் நிரலின் மூலத்தையும் அதைக் கட்டியெழுப்பத் தேவையான ஸ்கிரிப்டுகளையும். டெஸ்ட் அதற்குள் அடங்காது. ஒராக்கிள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். பாதுகாப்பு ஓட்டைக்கான டெஸ்ட் என்பது அந்த ஓட்டையால் உள்ளே போகும் வழியை எழுதிக் கொடுப்பது. உலகம் முழுக்கப் பழைய பதிப்புகள் ஓடிக்கொண்டிருக்கையில் அதை அச்சடித்து விநியோகிக்க ஒரு நிறுவனம் தயங்கினால் அது பைத்தியக்காரத்தனம் ஆகாது.

ஆனால் ஃபோர்க்கின் பக்கம் நின்று பாருங்கள். மரியாடிபி 5.3 அதே 2012இல்தான் வந்தது. அதில் துணைவினவல்களைக் கையாளும் பகுதி பெருமளவு திருத்தி எழுதப்பட்டிருந்தது. மைஎஸ்கியூஎல்லில் அதே இடத்தில் ஒரு திருத்தம் வந்தால், அந்த வரிகளை அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. பக்கத்து வரிகள் வேறு. திருத்தியவர் எதை நினைத்துத் திருத்தினார் என்று விளங்கிக்கொண்டு தன் நிரலில் மறுபடி எழுத வேண்டும். விளங்கிக்கொள்ள இருந்த ஒரே சான்று டெஸ்ட். அது இல்லாவிட்டால், எழுதியது சரியா என்று பார்க்க வழியில்லை, தன் நிரலில் அந்தப் பிழை இருந்ததா என்று பார்க்கவும் வழியில்லை. ஒவ்வொரு வெளியீட்டையும் அப்படியே உள்வாங்கிக்கொண்டு கூடவே நடப்பது என்ற திட்டம் அங்கேயே செலவுக்குக் கட்டாத வேலையாகிவிட்டது. ஒரு திட்டத்தின் அறிவு நிரலில் பாதி, டெஸ்டில் பாதி என்பதை இதற்கு முன் இவ்வளவு துலக்கமாகக் காட்டிய சம்பவம் எனக்குத் தெரியாது.

அடுத்த வருடம் இன்னொன்று நடந்தது. கட்டளை உதவிப் பக்கங்களின் உரிமக் குறிப்பு ஜிபிஎல்லிலிருந்து கட்டுப்பாடான ஒன்றாக மாறியிருந்தது. கட்டும் பொறிமுறையில் நேர்ந்த பிழை என்று ஒராக்கிள் சொல்லித் திருத்திக் கொடுத்தது. உண்மையாகவே பிழையாக இருக்கலாம். ஆனால் டெஸ்ட் விஷயத்துக்குப் பிறகு அதை யாரும் அவ்வளவு லேசில் நம்பவில்லை. லினக்ஸ் தொகுப்பான டெபியன் 2017இல் தன் 9ஆம் வெளியீட்டில் மரியாடிபியை இயல்புத் தெரிவாக்கியதற்குப் பின்னால் இந்தப் பாதுகாப்புத் தகவல் மறைப்பு பற்றிய முணுமுணுப்பு பல வருடமாக இருந்தது.

வயதை மறைத்த சேர்வர்

5.5க்குப் பிறகு மரியாடிபி நேராக 10.0க்குத் தாவியது, 2014 மார்ச்சில் அது நிலையான வெளியீடாகியது. மைஎஸ்கியூஎல் 5.6இல் இருந்த சிலது அதில் இருந்தன, சிலது இருக்கவில்லை, சொந்தமாகச் செய்தவை நிறைய. 5.6 என்று எண் போட்டால் ஆட்களை ஏமாற்றுவதாகும். நேர்மையான முடிவுதான். ஆனால் ஒரு சிக்கல் வந்தது. மூலச் சேர்வரின் தரவைப் பிரதியெடுத்துக்கொண்டே இருக்கும் பழைய மைஎஸ்கியூஎல் நகல் சேர்வர்கள் எதிர்ப்பக்கத்தின் பதிப்பெண்ணில் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தன. ‘10’ என்று வந்தால் ‘1’ என்று எடுத்துக்கொண்டு, இது ஆதிகாலத்துச் சேர்வர் என்று இணைய மறுத்தன. ஆகவே மரியாடிபி இணைப்பின் தொடக்கத்தில் தன்னை ‘5.5.5-10’ என்று ஆரம்பிக்கும் எண்ணோடு அறிமுகப்படுத்திக்கொண்டது. அந்த ‘5.5.5-’ முன்னொட்டு 11.0 வரும்வரை கூட வந்தது. இன்றைக்கும் பழைய கண்காணிப்புக் கருவிகள் மரியாடிபி 10.4ஐ ‘5.5.5’ என்று காட்டுவதைப் பார்த்து, “இவ்வளவு பழசை ஏன் போட்டு வச்சிருக்கிறியள்?” என்று வாடிக்கையாளர் சண்டை பிடிப்பதுண்டு.

இந்த இடத்தில் மரியாடிபியையும் விடக்கூடாது. உள்ளே பாதை பிரிந்துவிட்டது என்று அவர்களுக்கு 2014இலேயே தெரியும். ஆனாலும் ‘கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளலாம்’ என்ற விளம்பரப் பேச்சைக் குறைக்க அவர்கள் அவசரப்படவில்லை. வகுப்பில் சொல்லப்படும் ‘ரெண்டும் ஒண்டுதான்’ அங்கிருந்து வந்ததுதான். மரியாடிபி நிறுவனமும் 2016இல் தன் மேக்ஸ்கேல் என்ற இடைச்சேர்வரை ஜிபிஎல்லிலிருந்து எடுத்து பிஎஸ்எல் என்ற கட்டுப்பாட்டு உரிமத்துக்கு மாற்றியது. சேர்வர் மட்டும் ஜிபிஎல்லிலேயே இருக்கிறது. காசு தேட வேண்டிய எந்த நிறுவனமும் ஒருநாள் அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துத்தான் பார்க்கும்.

டம்ப் எங்கே முட்டும்

“அண்ணா, லோக்கலிலை வடிவா ஓடுது, சேர்வரிலை ஏத்தேக்கை பிழை வருது.” டம்பை, அதாவது டேட்டாபேஸை எஸ்கியூஎல் வரிகளாக எழுதியெடுத்த பைலை, ஏற்றும்போது வரும் இந்த முறைப்பாட்டுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் நாலைந்து காரணங்கள்.

முதலாவது 1273ஆம் பிழை. மைஎஸ்கியூஎல் 8.0, 2018 ஏப்ரலில் வந்தபோது, இயல்பான கோலேஷனை, அதாவது எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் விதியை, யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ ஆக்கியது. யூனிகோட் ஒப்பீட்டு முறையின் 9.0.0 பதிப்பு என்பதுதான் அந்த 0900. மரியாடிபிக்கு அப்படி ஒரு பெயர் தெரியாது. அவர்கள் 14.0.0 பதிப்பை வைத்து ‘யூசிஏ1400’ என்று தங்கள் வரிசையைச் செய்தார்கள். அண்மைய மரியாடிபி வெளியீடுகள் 0900 பெயரைக் கண்டால் தன் வரிசையோடு பொருத்திக்கொள்கின்றன. ஸாம்ப் 8.2.12க்குள் இருப்பதோ 10.4.32. அது ‘அறியாத கோலேஷன்’ என்று நின்றுவிடும்.

எல்லாரும் சொல்லும் வைத்தியம், டம்ப் பைலைத் திறந்து அந்தப் பெயரை யூனிகோட்_சிஐ என்று மாற்றுவது. இரண்டு இடத்தில் இது கடிக்கும். முழுப் பைலிலும் மாற்றினால் தரவுக்குள் அந்தச் சொல் இருந்தாலும் மாறிவிடும். அதைவிட மோசமானது இடைவெளி. 0900 கோலேஷன் சொல்லின் கடைசியில் இருக்கும் வெற்றிடத்தையும் எண்ணிப் பார்க்கும். பழைய யூனிகோட்_சிஐ அதைக் கணக்கெடுக்காது. ‘ராஜன்’ என்று ஒரு பதிவு, கடைசியில் ஒரு வெற்றிடத்தோடு ‘ராஜன் ’ என்று இன்னொரு பதிவு. மைஎஸ்கியூஎல் 8இல், ஒரே மதிப்பை இரண்டு முறை ஏற்காத தனித்துவச் சுட்டிக்கு இவை இரண்டு பேர், மரியாடிபிக்குப் போனதும் ஒரே ஆள். 1062ஆம் பிழையோடு ஏற்றுவது பாதியில் நிற்கும். கையால் பெயர் தட்டச்சிய எந்தப் பட்டியலிலும் இப்படி நாலு கிடக்கும். யூனிகோட்_நோபேட்_சிஐ என்று மரியாடிபியில் இருப்பதைப் போட்டால் இந்தத் தொல்லை வராது.

நான் விரும்பும் முறை மூன்று பைலாக எடுப்பது. முதலாவதில் டேபிள் அமைப்பு மட்டும், ட்ரிகர் (தரவு மாறும்போது தானாக ஓடும் கட்டளை) இல்லாமல். இரண்டாவதில் தரவு மட்டும், அதுவும் ட்ரிகர் இல்லாமல். மூன்றாவதில் ட்ரிகர்களும் சேமித்த செயல்முறைகளும். கோலேஷன் பெயரை முதலாவதிலும் மூன்றாவதிலும் மட்டும் மாற்றினால் போதும். அவை சில கிலோபைட்தான், நோட்பேடிலேயே திறக்கும். தரவுப் பைலைத் தொட வேண்டியதில்லை. இந்த ஒழுங்கிலேயே ஏற்ற வேண்டும். ட்ரிகரை முதலில் ஏற்றினால் தரவின் ஒவ்வொரு வரிக்கும் அது வேலை செய்து, கையிருப்புக் கணக்கை இரட்டிப்பாக்கிவிடும். எடுக்கும்போது ஒரே பரிவர்த்தனையாக எடுக்கும் விருப்பத்தைப் போடுங்கள், அலுவலகத்தில் வேறு யாராவது எழுதிக்கொண்டிருந்தாலும் தரவு ஒரே நேரத்து நிலையில் வரும். பரிவர்த்தனைகளுக்குச் சேர்வர் இடும் அடையாளமான ஜிடிஐடி வரியை எழுதாமல் அணைத்துவிடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் அது நீண்ட சேர்வர் அடையாளமும் எண்ணும், மரியாடிபியில் ‘0-1-100’ மாதிரி மூன்று எண். ஒன்றின் வரி மற்றதுக்கு விளங்காது. வியூக்களிலும் செயல்முறைகளிலும் ‘டிஃபைனர்’ என்று லோக்கல் ரூட் பயனர் பெயர் எழுதியிருந்தால் அதை அகற்றுங்கள். பகிர்ந்த ஹோஸ்டிங்கில் அந்தப் பயனர் இல்லை, அவர் பெயரில் எதையும் உருவாக்க உங்களுக்கு உரிமையும் இல்லை. பயனர்களையும் கடவுச்சொற்களையும் டம்பாகக் கொண்டுபோக முயலவே வேண்டாம், அங்கே புதிதாக உருவாக்குங்கள். மைஎஸ்கியூஎல் 8 கடவுச்சொல்லை ஷா2 முறையில் வைக்கிறது, ஸாம்ப் காலத்து மரியாடிபி சேர்வருக்கு அது தெரியாது.

எதிர்த்திசையில் போனால், அதாவது புது மரியாடிபியில் எடுத்ததை மைஎஸ்கியூஎல்லில் ஏற்றினால், முதல் வரியிலேயே முட்டும். 2024 மே மாதத்திலிருந்து மரியாடிபியின் டம்ப் கருவி பைலின் தலையில் ‘/*!999999\-’ என்று தொடங்கும் ஒரு வரியை எழுதுகிறது. காரணம் நல்ல காரணம். கெட்ட சேர்வர் ஒன்று டம்புக்குள் கட்டளை ஒன்றை ஒளித்து வைத்து, ஏற்றுகிறவரின் கணினியில் அதை ஓட்டிவிடக்கூடிய ஓட்டை ஒன்று அப்போது வெளியானது. இந்த வரி, ஏற்றும் கருவியைப் பார்த்து ‘இனி வெளிக் கட்டளை எதையும் ஓட்டாதே’ என்கிறது. மைஎஸ்கியூஎல்லின் கருவிக்கு ‘\-’ என்றால் என்னவென்று தெரியாது. ‘வரி 1: அறியாத கட்டளை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், அந்த மாதத்துக்கு முந்திய மரியாடிபியின் சொந்தக் கருவிக்கும் தெரியாது. ஸாம்பில் இருக்கும் 10.4.32 அப்படி ஒன்று. முதல் வரியை வெட்டினால் ஏறும். லினக்ஸில் டெயில் கட்டளைக்கு +2 கொடுத்தால் இரண்டாவது வரியிலிருந்து எடுத்துத் தரும், எத்தனை ஜிகாபைட்டாக இருந்தாலும். நீங்களே எடுத்த டம்புக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். எங்கிருந்தோ வந்த பைலில் அந்த வரியை வெட்டுவது பூட்டைக் கழற்றுவதுதான்.

மைஎஸ்கியூஎல் வேர்க்பெஞ்ச் 8ஐப் போட்டு ஸாம்பிலிருந்து டம்ப் எடுக்கிறவர்களுக்கு 1109ஆம் பிழை வரும். 8.0இன் டம்ப் கருவி, கொலம் புள்ளிவிவர டேபிள் ஒன்றைத் தேடும். மரியாடிபியில் அது இல்லை. கொலம்-ஸ்டாட்டிஸ்டிக்ஸ் விருப்பத்துக்கு 0 கொடுத்தால் தேடாது.

தரவு அடைவையே கொப்பி பண்ணிக் கொண்டுபோகும் பழைய குறுக்குவழியும் செத்துப்போனது. 5.7 வரை ஒவ்வொரு டேபிளின் அமைப்பும் தனிப் பைலில் இருந்தது. 8.0 அந்தப் பைல்களை ஒழித்து, எல்லா விவரத்தையும் இன்னோடிபி என்ற சேமிப்புப் பொறிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தது. மரியாடிபி பழைய முறையிலேயே நிற்கிறது. பேக்கப் என்ற பெயரில் அடைவை மட்டும் பென்டிரைவில் வைத்திருக்கும் அலுவலகங்கள், சேர்வர் வகை மாறும் அன்றைக்குத்தான் இதை அறிந்துகொள்கின்றன.

தமிழ்த் தரவில் மட்டும் தெரிவது

ஆங்கிலத் தரவை வைத்துச் சோதித்தால் இதில் பாதி வெளியே வராது. தரவைப் பெயரும் மதிப்புமாக ஒரே உரையில் எழுதும் ஜேசன் வகையை எடுங்கள். மைஎஸ்கியூஎல் 5.7இல் ஜேசன் தனி வகை. உள்ளே போகும்போதே பிரித்து, சொந்த இரும வடிவில் வைக்கும். மரியாடிபியில் ‘ஜேசன்’ என்பது நீண்ட உரை வகைக்கு இன்னொரு பெயர், எழுதியது எழுதியபடி கிடக்கும். பிஎச்பியின் ஜேசன் செயற்கூறு, தனியாக ஒரு விருப்பம் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் பின்சாய்கோடும் யூவும் நாலு இலக்கக் குறியீடுமாக மாற்றித்தான் அனுப்பும். மைஎஸ்கியூஎல் அதைப் பிரிக்கையில் மறுபடி எழுத்தாக்கிவிடும். ‘கொழும்பு’ என்று லைக் போட்டுத் தேடினால் கிடைக்கும். மரியாடிபியில் கிடப்பது குறியீட்டு வரிசை. அதே தேடல் வெறுங்கையோடு திரும்பும். பிழைச் செய்தி ஒன்றும் வராது, விடை பூச்சியம் என்றுதான் வரும். பிஎச்பியில் அந்த யூனிகோட் விருப்பத்தைப் போட்டால் இரண்டிலும் சரி. ஜேசனுக்குள்ளிருந்து மதிப்பை எடுக்கும் அம்புக்குறிகளான ‘->’, ‘->>’ இரண்டும் மரியாடிபியில் இல்லை. பிஎச்பி சட்டகமான லாரவெல்லின் வினவல் வழியாகப் போனால் அது தானே நீண்ட செயற்கூறாக மாற்றிக்கொடுக்கும், நீங்களாக எழுதிய எஸ்கியூஎல்லில் உதைக்கும்.

அகரவரிசையும் அப்படி. ஸாம்ப் இயல்பாக வைக்கும் ஜெனரல்_சிஐ, யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்து வந்துவிடும், ‘ள’ ‘வ’வுக்கு முன் நிற்கும். ஆகவே ‘கனகா’ ‘கமலா’வை முந்துவாள், ‘வள்ளி’ ‘வவுனியா’வுக்கு முன் வரும். சேர்வரில் 0900 என்றால் இரண்டும் நம் ஒழுங்குக்குத் திரும்பிவிடும். லோக்கலில் பார்த்த பெயர்ப்பட்டியலும் சேர்வரில் வந்த பட்டியலும் வேறாக இருப்பதைப் பார்த்துச் செயலியில் பிழை தேடி அலைய வேண்டாம். மெய்யை உயிர்மெய்க்கு முன் வைக்கும் அகராதி ஒழுங்கு, அதாவது ‘பட்டு’ ‘படகு’க்கு முன் வருவது, இரண்டு கோலேஷனிலும் இல்லை. சிங்களத்துக்கு இரண்டு மென்பொருளிலும் தனிக் கோலேஷன் உண்டு, தமிழுக்கு இரண்டிலும் இல்லை. இந்த ஒன்றில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஏற்றி முடித்ததும் வரிகளை எண்ணிவிட்டு நிறுத்தாதீர்கள். ‘தமிழ்’ என்ற சொல் மட்டும் உள்ள ஒரு பதிவை எடுத்து எழுத்து நீளத்தையும் பைட் நீளத்தையும் கேளுங்கள். 5, 15 என்று வந்தால் சரியாக ஏறியிருக்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, ஒவ்வொன்றும் மூன்று பைட். எழுத்து நீளமே 15 என்றால் தரவு இரட்டைக் குறியாக்கத்தில் போயிருக்கிறது, இணைப்பின் எழுத்துத் தொகுதியைச் சரிசெய்து மறுபடி ஏற்றலாம். இரண்டுமே 5 என்றால் உள்ளே இருப்பது ஐந்து கேள்விக்குறி. அதை மீட்க முடியாது, மூலத்தை அழித்திருக்காவிட்டால் தப்பினீர்கள்.

ஹோஸ்டிங்காரரிடம் கேட்க

மைஎஸ்கியூஎல் 8.0க்கான ஆதரவுக்கு 2026 ஏப்ரல்தான் எல்லை. பகிர்ந்த ஹோஸ்டிங் கொடுக்கிறவர்கள் 8.4க்குப் போவார்கள், அல்லது மரியாடிபி பக்கம் திரும்புவார்கள். 8.4 என்றால் பழைய ‘நேட்டிவ்’ கடவுச்சொல் முறை இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும், 9.0இல் அது அடியோடு இல்லை. பழைய பிஎச்பி பதிப்பில் ஓடும் செயலி அன்று காலை இணைய மறுத்தால் காரணம் அதுவாக இருக்கலாம். மரியாடிபி என்றால் மேலே சொன்ன மூன்று பைல் வேலை. எந்தப் பக்கம், எந்தப் பதிப்பு, எப்போது என்ற மூன்றையும் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘மைஎஸ்கியூஎல்தான்’ என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடாமல், பிஎச்பிமைஅட்மினின் எஸ்கியூஎல் பெட்டியில் வேர்ஷன் செயற்கூறை நீங்களே ஓட்டிப் பாருங்கள். மரியாடிபி என்றால் எண்ணுக்குப் பின்னால் பெயர் நிற்கும். லாரவெல் 11 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால் அமைப்புப் பைலில் மரியாடிபிக்கென்று தனி ட்ரைவர் இருக்கிறது, அதைத் தெரிவுசெய்யுங்கள். மடிக்கணினியிலும் சேர்வரில் உள்ள அதே வகையை, அதே பெரும்பதிப்பை நிறுவுங்கள். ஸாம்பை அழிக்க வேண்டாம், அதில் அந்த இரண்டாவது வரிசையை மட்டும் ஓடாமல் விட்டு, தனியாக நிறுவிய சேர்வரை 3307ஆம் போர்ட்டில் எழுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று இடிக்காது.